திரும்பிப் பார்க்கிறவன்

அவனுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அந்தக் கழுத்து திரும்பிவிடும். கூப்பிட்டது தன்னைத்தானா என்கிற விசாரணையெல்லாம் பிறகு. முதலில் கழுத்து, அதன் பின்னால் கால், அதற்கும் பின்னால், வந்தால் வரட்டும் என்கிற மாதிரி, யோசனை. மற்றவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அதனால்தான் மற்றவர்கள் கைகால் குறையாமல் ஓய்வு பெறுகிறார்கள்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள், எங்கிருந்தாலும் திரும்பிவிடுவான். தொழிற்சாலையில் எல்லாரும் அவனை யுவராஜா என்று கூப்பிட்டார்கள். நமக்கு அது போதும்.

பெங்களூர் பீன்யாவில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். தடி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர் வேறு, அவருக்குச் சம்பளம் குறைவு, மரியாதை அதிகம். என் வேலை, எந்த இயந்திரத்தின் எந்தப் பல் யாருடைய எந்த விரலைத் தின்னும் என்று முன்கூட்டியே யோசித்து, அதைத் தடுக்க ஒரு நடைமுறை எழுதி, அதை ஒருவரும் படிக்காமல் இருப்பதைக் கண்காணிப்பது. ஏணியைச் சுவரில் சாய்ப்பது, ஏணியில் ஏறுவது, ஏணியிலிருந்து இறங்குவது, மூன்றுக்கும் தனித்தனி நடைமுறை எழுதியவன் நான். குக்கர் மூடியைத் திறக்க நான் சொல்லும் முறையை என் மனைவி இன்றுவரை பின்பற்றியதில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் நீண்டநாள் குறை.

இவன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பயிற்சியாளனாக வந்து சேர்ந்தான். ஐ.டி.ஐ. முடித்திருந்தான். பிரேசர் டவுனுக்குப் பின்னால் ஒரு நெருக்கமான குடியிருப்பில் வீடு. நல்ல உயரம், கணீரென்ற குரல், எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு முழங்கால். உட்கார்ந்தால் அந்த முழங்கால் ஆடும், அது ஆடுவதில் மேசை ஆடும், மேசையில் இருக்கும் என் தேநீர் ஆடும்.

முதல் வாரமே இயந்திரக் கூடத்தில் வெறுங்காலோடு நின்றான். தரை முழுக்க இரும்புச் சுருள். ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி.

"ஷூ எங்கே?"

"குடுத்துட்டேன் சார்."

"யாருக்கு?"

"லாரிலேர்ந்து சரக்கு எறக்கினாரே ஒரு அண்ணன், அவருக்கு. கால்ல இரும்பு ஏறி ஒரே ரத்தம் சார்."

"அது கம்பெனி சொத்து. உன் அளவு பார்த்து உனக்குக் கொடுத்தது. இன்னொருத்தருக்குக் கொடுக்க அனுமதி வேணும்."

"அவருக்கும் அளவு சரியாத்தான் சார் இருந்துச்சி."

"சரி. இப்போ உன் கால்ல ஏறினா?"

அவன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். அவை இரண்டும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியவை போலப் பார்த்தான்.

"ஆமால்ல சார்," என்றான்.

இந்த 'ஆமால்ல'வைப் பிறகு நான் பல தடவை கேட்க வேண்டியிருந்தது. செய்து முடித்த பிறகுதான் அது வரும். செய்வதற்கு முன்னால் அது ஒரு தடவை வந்திருந்தால் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை இவ்வளவு சீக்கிரம் தேவைப்பட்டிருக்காது.

ஒருநாள் மத்தியானத்துக்கு மேல்தான் வேலைக்கு வந்தான். காலையில் பஸ்ஸில் வழி தெரியாத ஒரு பெரியவர் யாரையோ பார்த்து "ஸ்டேஷன் எங்கப்பா" என்று கேட்டிருக்கிறார். இவன் திரும்பிவிட்டான். யஷ்வந்த்பூரில் அவரோடு இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயில் பெட்டி வரை போய், உள்ளே ஏற்றி, இடம் பிடித்து, மூட்டையைச் சீட்டுக்குக் கீழே தள்ளி நிமிர்ந்தால் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. தும்கூரில் இறங்கித் திரும்பி வந்தான்.

"ஓடுற வண்டியிலேர்ந்து குதிக்கலாம்னுதான் சார் இருந்தேன். நீங்க கிளாஸ்ல சொன்னது ஞாபகம் வந்துச்சி. குதிக்கல."

என் வாழ்நாளில் ஒருவன் என் வகுப்பினால் பயனடைந்ததாக வாக்குமூலம் தந்தது அதுதான் முதல் தடவை. அவனைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளை மறந்துவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். சிரிக்காத விஷயம் துளைபோடும் இயந்திரத்தில் நடந்தது. பின்னால் யாரோ ஒரு வாளியைக் கீழே போட்டு "அப்பா!" என்றார்கள். இவன் திரும்பினான். சுற்றிக்கொண்டிருந்த துளைப்பான் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. பழைய சட்டை, நைந்த துணி. கிழிந்து வந்துவிட்டது. புதுச் சட்டையாக இருந்திருந்தால் கையும் போயிருக்கும். அவன் கிழிந்த கையோடு ஓடிப்போய் அந்த வாளிக்காரரின் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. தொழிற்சாலையில் எத்தனையோ பேர் அசிரத்தையாக இருப்பார்கள். அவர்களுக்கு மருந்து உண்டு, மெமோ. இவன் அசிரத்தை இல்லை. இவனுக்கு அக்கறை, அதுவும் அடுத்தவர் பேரில். அக்கறைக்கு எதிராக மெமோ கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. என்றாவது ஒருநாள், யாராவது கூப்பிடக் கூடாத இடத்திலிருந்து கூப்பிடுவார்கள், இவன் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவனை உயிரோடு வைத்திருப்பது என் வேலைகளில் ஒன்றாயிற்று. என்னுடைய பணி விவரத்தில் அது இல்லை.

அவன் யுவராஜா ஆனது ஆயுத பூஜையில். பீன்யாவில் ஆயுத பூஜை என்றால் சாதாரண விஷயம் இல்லை. எல்லா இயந்திரத்துக்கும் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்துத் தரையெல்லாம் வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பக்கத்தில் கற்பூரம் எரியும். நான் கிறிஸ்தவன். ஆனால் மணல் வாளியோடு பக்கத்தில் நிற்பதற்கு மதம் தேவையில்லை. கற்பூரத்தை மணல் பரப்பிய தட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று வருஷா வருஷம் சுற்றறிக்கை அனுப்புவேன். அதை மடித்து அதன் மேல்தான் கற்பூரத்தை வைப்பார்கள்.

பூஜை முடிந்ததும் கேண்டீன் மேடையில் கன்னடப் பிரார்த்தனைப் பாட்டு, அதன்பின் தமிழ் நாடகம். நாடகம் எழுதுவது ஸ்டோர் கீப்பர். வேலூர்ப் பக்கத்து மனிதர். ஒரு போல்ட்டைக் கொடுக்க மூன்று கையெழுத்துக் கேட்பவர், நாடகத்தில் மட்டும் ராஜ்ஜியங்களை அள்ளி வழங்குவார். அந்த வருஷம் மாயாஜாலக் கதை. ஓர் இளவரசன் மலை உச்சியிலிருக்கும் மூலிகையைப் பறிக்கப் போக வேண்டும். முனிவர் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார். ஏறும்போது பின்னாலிருந்து பல குரல்கள் கூப்பிடும், அழும், கெஞ்சும். எல்லாம் அரக்கனின் மாயக்குரல். திரும்பிப் பார்த்தால் கல்லாகிவிடுவாய். இளவரசன் திரும்பாமல் ஏறி, மூலிகையைப் பறித்து, அரக்கனைக் கொல்ல வேண்டும்.

குரலுக்காகவும் உயரத்துக்காகவும் இவனை இளவரசனாகப் போட்டார்கள். உலகத்தில் அந்த வேஷத்துக்கு லாயக்கில்லாத ஒரே ஆளைத் தேடிப் பிடித்தது போல இருந்தது எனக்கு.

ஷிப்ட் முடிந்து கேண்டீனில் ஒத்திகை. மேசைகளை அடுக்கினால் மலை. அரக்கன், எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், மண்டியாக்காரர், பார்க்கவே மலை மாதிரி இருப்பார். தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். திரைக்குப் பின்னால் நின்று தாயின் குரலில், "மகனே, என்னைக் கைவிட்டுப் போகாதே" என்று அவர் அழுவார். ஆம்பிளைத் தொண்டையில் அது ஏதோ எருமை இருமுவது போலக் கேட்கும். அதற்கும் இவன் திரும்பிவிடுவான்.

"திரும்பாதடா!" ஸ்டோர் கீப்பர் கத்துவார்.

"அம்மா கூப்பிடறாங்களே சார்."

"அது அம்மா இல்லடா, அரக்கன்!"

"அது எனக்குத் தெரியும் சார். இளவரசனுக்கு எப்படித் தெரியும்?"

"முனிவர் சொல்லியிருக்காரு இல்ல?"

"சொன்னாரு. ஒருவேளை நெஜமாவே அம்மாவா இருந்தா? எப்படி சார் பாக்காம போறது? நல்ல புள்ளைன்னுதானே மூலிகைக்கே அனுப்பினாங்க?"

ஸ்டோர் கீப்பர் நெற்றியில் அடித்துக்கொள்வார். திரைக்குப் பின்னாலிருந்து அரக்கன் தலையை நீட்டுவார்.

"குரு, திருகபேடா கணோ. நீ திரும்பி கல்லாயிட்டா என்னை யாரு கொல்றது? எனக்கு சாவுற சீன் இருக்கு. ஊர்லேர்ந்து ஹெண்டதி, பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க பாக்க."

"சாரிண்ணா. இன்னொரு தபா கூப்பிடுங்க. திரும்ப மாட்டேன்."

திரும்புவான்.

பிறகு இதுவே விளையாட்டாகிவிட்டது. குழாயடியிலிருந்து, சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து, கழிப்பறையிலிருந்து ஆள் ஆளுக்கு "யுவராஜா! காப்பாத்து!" என்று கத்துவார்கள். இவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான். அவர்கள் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். மறுநாளும் கத்துவார்கள், மறுநாளும் ஓடுவான். ஒருநாள் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"சும்மா கூப்பிடறாங்கன்னு இன்னுமா உனக்குப் புரியல?"

"புரியுது சார். போய்ப் பாத்தா சும்மான்னு தெரிஞ்சிடும். நல்லதுதானே சார், யாருக்கும் ஒண்ணும் ஆகல."

ஏமாந்ததைச் சந்தோஷச் செய்தியாக எடுத்துக்கொள்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? இயந்திரக் கூடத்தில் ஒரு பலகை மாட்டினேன். 'இயந்திரம் ஓடும்போது யுவராஜாவைக் கூப்பிடக் கூடாது.' கன்னடம், தமிழ், ஆங்கிலம். என் பணிக்காலத்தில் எல்லாரும் படித்த ஒரே அறிவிப்பு.

நாடகத்தன்று மணல் வாளியோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் குரலுக்கு அவன் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டாவது குரலுக்கும் திரும்பவில்லை. ஸ்டோர் கீப்பர் கண்ணீர் விடும் நிலையில் இருந்தார். அப்போது திரைக்குப் பின்னால் ஒரு சத்தம், "அய்யோ" என்று ஒரு அலறல். அரக்கன் இன்றைக்கு அற்புதமாக நடிக்கிறான் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இவன் திரும்பினான். மலையிலிருந்து குதித்தான். திரைக்குப் பின்னால் மறைந்தான்.

"கல்லாகுடா! டேய், கல்லாகு!" என்று ஸ்டோர் கீப்பர் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது மூன்றாம் வரிசை வரை கேட்டது.

திரை விலகியது. இளவரசன் அரக்கனைத் தோளில் தாங்கி நொண்ட வைத்துக் கூட்டி வந்தான். ஏறி நின்ற ஸ்டூல் முறிந்து அவருக்குக் கணுக்கால் எலும்பு போயிருந்தது. கதறுவதுதான் அவர் வேஷம் என்பதால், அவன் திரும்பியிராவிட்டால் நாடகம் முடியும்வரை கதறிக்கொண்டே கிடந்திருப்பார். நாங்களும் கைதட்டிக்கொண்டே இருந்திருப்போம். கன்னடக்கார அரக்கனைத் தமிழ் இளவரசன் தூக்கி வந்ததில் தேசிய ஒருமைப்பாடு இருப்பதாகப் பொது மேலாளர் எழுந்து பேசினார். ஸ்டோர் கீப்பர் ஒரு வாரம் இவனுக்கு ஒரு திருகாணிகூடக் கொடுக்கவில்லை. அரக்கனுக்குத்தான் உண்மையான வருத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "என் சாவுற சீன் போச்சு குரு" என்று புலம்பினாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நிஜக் குரலையும் பொய்க் குரலையும் பிரித்தறிய அவனுக்குத் தெரியவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பிரிக்கவே அவன் முயலவில்லை என்பது அன்றுதான் விளங்கியது. அப்படிப்பட்டவனுக்கு எதிரே எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு குழி இருந்தது.

முலாம் பூசும் பிரிவின் கழிவுத் தொட்டி அது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன், இறங்கிச் சுத்தம் செய்வார்கள். அப்படிப்பட்ட குழிகளைப் பற்றி எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. உள்ளே விஷக்காற்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முதலில் இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைக் காப்பாற்ற இரண்டாமவன் இறங்குவான், அவனும் விழுவான். அவர்கள் இருவருக்காக மூன்றாமவன். சாகிறவர்களில் பாதிப்பேர் காப்பாற்றப் போனவர்கள். நல்லவர்கள்.

இதைச் சொல்லவே அவனுக்காக ஒரு வகுப்பு எடுத்தேன். மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் நான் பார்த்துப் பேசியது அவனை. அவன் கை தூக்கினான்.

"சார், அப்ப முதல்ல எறங்கினவரு?"

"காத்திருப்பார்."

"எதுக்கு?"

"மேலே நிற்கிறவன் ஆள் கூப்பிடணும். உள்ளே நல்ல காத்து அடிக்கணும். முகமூடியும் கயிறும் கட்டின ஆள்தான் இறங்கணும். அதுவரைக்கும்."

முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. "நம்ம எல்லாம் மேல நின்னு அவருக்காகத்தான் எல்லாம் பண்றோம்னு அவருக்குத் தெரியுமா சார்?"

எந்தக் கையேட்டிலும் இந்தக் கேள்வி இல்லை. "வகுப்பு முடிந்தது," என்றேன்.

ஆனால் விடவில்லை. அவனுக்காகவே நடைமுறையை நான்கு சொல்லில் சுருக்கினேன். நில்லு, கத்து, காத்து, கயிறு. தினமும் காலையில் வாசலில் அவனை நிறுத்திச் சொல்லச் சொல்வேன். பல் தேய்த்தாயா என்று கேட்பது மாதிரி.

"நில்லு, கத்து, காத்து, கயிறு. குட் மார்னிங் சார்."

வாசல் காவலர்கூட அதைக் கற்றுக்கொண்டார். வருஷக்கணக்கில் சொன்னான். அந்தக் குழியிலிருந்து ஒருவரும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டதுதான் என் உத்தியோகத்தில் நான் செய்த காரியம் என்று சொல்லலாம். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு தொழிற்சாலை மெலிந்தது. விருப்ப ஓய்வு என்று ஒன்று வந்தது. விருப்பம் கம்பெனிக்கு, ஓய்வு எங்களுக்கு. நான் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குத் திரும்பினேன். அவன் ஆட்டோ ஓட்டப் போனான். பெங்களூரில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிற ஆட்டோக்காரன் ஒருவன் இருந்தான் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். இருந்தான். இடப்பக்கம் கூப்பிட்டால் இடப்பக்கம் ஒடிப்பான், பின்னால் வருகிற பஸ்ஸைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. எங்கள் சர்ச்சுக்குப் போகும் வயதானவர்கள் எல்லாரும் அவன் வண்டியில்தான் போனார்கள். போகும் வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆராதனை பாதியில் வந்து சேர்ந்தார்கள்.

அடிக்கடி வீட்டுக்கு வருவான். கேட்டைத் திறந்தால் மூடமாட்டான். எஞ்சினை அணைக்கமாட்டான். "ஆன்ட்டி, ஒரு டம்ளர் தண்ணி" என்று நேராகச் சமையலறைக்கே போய், கேஸ் சிலிண்டரை மாற்றிக் கொடுத்து, நான் எழுதி ஒட்டியிருந்த சிலிண்டர் மாற்றும் முறையின் எல்லா வரியையும் மீறிவிட்டு வெளியே வருவான். என் மனைவிக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். "உங்களை மாதிரி யோசிச்சிட்டு நிக்காது அந்தப் பிள்ளை," என்பாள்.

கடைசியாக ஒருநாள் வந்ததைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்த சமயம், சாயங்காலம். ஆட்டோ சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது. கேட் திறந்தது. பிறகு கேட்டை மூடித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வேறு யாரோ என்று நினைத்தேன்.

அவன்தான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தேநீர் கொண்டுவந்து வைத்தாள் மனைவி. டம்ளரில் தேநீர் அசையவே இல்லை. நான் கீழே பார்த்தேன். அந்த முழங்கால் சும்மா இருந்தது.

வலது மணிக்கட்டுக்கு மேலே பல் தடம். வட்டமாக, ஆழமாக, ரத்தம் கட்டி.

"நாயா?"

"மனுஷன் சார்."

பிரேசர் டவுன் பின்பக்கத்து ஒரு சந்தில், அன்று முற்பகல், சாக்கடை அடைப்பெடுக்க யாரோ ஒரு காண்ட்ராக்டர் இரண்டு பேரை அழைத்து வந்திருக்கிறான். மாமனும் மச்சானும். மூடியைத் திறந்தார்கள். மாமன் இறங்கினார். கயிறு இல்லை, முகமூடி இல்லை, ஒன்றும் இல்லை. இவன் அந்த வழியாக ஆட்டோவில் போயிருக்கிறான். உள்ளேயிருந்து ஒரு குரல்.

"'ஏ, தூக்குப்பா'ன்னாரு சார். ஒரே தபா. வண்டிய அப்படியே விட்டுட்டு ஓடினேன். குழிகிட்ட போயிட்டேன். ஒரு காலை உள்ள வெச்சிட்டேன்."

என் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெச்சேன் சார். அப்ப மனசுக்குள்ள உங்க குரல் கேட்டுச்சி. நில்லுன்னு. நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"கத்தினேன். ஃபயர் சர்வீஸுக்கு போன் போடச் சொன்னேன். ஒரு கடைலேர்ந்து டேபிள் ஃபேனைப் புடுங்கினு வந்து குழி வாயில வெச்சேன். காத்து. அப்புறம் கயிறு கயிறுன்னு தெருவெல்லாம் கத்தினேன் சார். இத்தனை வீடு இருக்குது, ஒரு கயிறு இல்ல. துணி காயப்போடற கயித்த ஒருத்தரு அறுத்தினு வந்தாரு. அத்துப்போச்சி. அதுக்குள்ள அந்த மச்சான் எறங்கப் போனான். சின்ன வயசு சார் அவன். நான் பின்னாலேர்ந்து கட்டிப் புடிச்சிட்டேன். உதைச்சான். கடிச்சான். விடல சார். ஃபயர் வண்டி வர்ற வரைக்கும் விடல."

"மாமன்?"

தலையை ஆட்டினான். "கயிறு கட்டி எறங்கினாங்க. தூக்கினாங்க. போயிட்டாரு."

தெருவில் ஏதோ வண்டி போயிற்று. அவன் கழுத்து திரும்பவில்லை.

"அந்த மச்சான் என்னப் பாத்து ஒண்ணு கேட்டான் சார். நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டான். எல்லார் எதுக்கவும்." மணிக்கட்டைத் தடவினான். "நான் செஞ்சது சரியா சார்?"

"சரி," என்றேன். சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரிதான். ஒரு பிணம் மூன்று ஆகாமல் தடுத்திருக்கிறான். எந்த விசாரணையிலும் இதற்கு வேறு பதில் கிடையாது. "நீ இறங்கியிருந்தா நீயும் இல்லை. உன்னை நம்பி அந்தப் பையனும் இறங்கியிருப்பான். அவன் உயிரோடு இருக்கிறது உன்னாலதான்."

"அவனுக்கு அது தெரியுமா சார்?"

தேநீரில் ஆடை படிந்திருந்தது. ஒரு சொல் தேடினேன். என்னிடம் நான்குதான் இருந்தன, நான்கையும் அவனிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தேன்.

"அந்தக் கதைல," என்றான், தரையைப் பார்த்தபடி, "திரும்பினாதான் கல்லாவாங்க. எனக்கு திரும்பாததுக்கே உடம்பெல்லாம் அப்படித்தான் சார் கீது. காலைலேர்ந்து."

இந்த நாற்காலியில் இவன் இப்படி உட்கார வேண்டும் என்றுதான் நான் பத்து வருஷம் பாடுபட்டேன். ஆடாமல், திரும்பாமல், யோசித்துக்கொண்டு. இப்போது உட்கார்ந்திருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்தேன். நேராக இருந்த காலண்டரைக் கோணலாக்கி மீண்டும் நேராக்கினேன்.

அப்போதுதான் தெருவில் அந்தக் குரல் கேட்டது. "காப்பாத்து! காப்பாத்து!" ஒரு குழந்தையின் கீச்சுக் குரல், மூச்சுத் திணறுவது போல.

அவன் நிமிர்ந்தான். எழவில்லை. என்னைப் பார்த்தான், அனுமதி கேட்பது போல. அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள் மனைவி. கதவு, படி, தாழ்ப்பாள், கேட் எல்லாம் எப்படித் திறந்தன என்றும் தெரியாது. இடமும் வலமும் பார்க்காமல் நடுத்தெருவில் வந்து நின்றேன். ஒரு மொபெட்காரன் என்னைச் சுற்றி வளைத்து ஓட்டிக் கன்னடத்தில் என் தகப்பனாரை விசாரித்தான்.

எதிர்வீட்டுச் சுவரோரம் இரண்டு சிறுமிகள். ஒருத்தி இன்னொருத்தியை ஒரு பழைய துப்பட்டாவால் விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டிருந்தாள். கட்டப்பட்டவள் என்னைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினாள்.

"அங்கிள், நாங்க வெளையாடறோம்," என்றாள், மிகுந்த பொறுமையோடு.

மூச்சு வாங்கியது. பின்னால் காலடி கேட்டது. ஓடி வருகிற காலடி. அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். சிறுமிகளைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியாகக் கீழே பார்த்தான். அவன் கையில் என் செருப்பு இரண்டும் இருந்தன.

"சார். ஷூ எங்கே?"

குனிந்து பார்த்தேன். வெயில் சூடு இன்னும் ஆறாத தாரில் என் வெறும் பாதங்கள் இரண்டும், அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியவை போல நின்றுகொண்டிருந்தன.

"ஆமால்ல," என்றேன்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. செருப்புகளை என் முன்னால் வரிசையாக வைத்தான்.

"திரும்பிட்டீங்களே சார்," என்றான். "இப்ப நீங்க கல்லாகணும்."

எங்களுக்குப் பின்னால் வீட்டுக் கேட் விரியத் திறந்து கிடந்தது. ஒரு காரோ லாரியோ எந்த நேரமும் வரக்கூடிய தெருவின் நடுவில், ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக, நான் அப்படியே அசையாமல் நின்று காட்டினேன்.